பதிவில் இல்லாத முட்டிவலி

கோர்ட்டில் எல்லோரும் அவரைச் சுருக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். சுருக்கெழுத்துக்காரர் என்பதால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அது பாதி உண்மை. மனிதர் பேசுவதே சுருக்கம், சிரிப்பது அதைவிடச் சுருக்கம். இருபத்தாறு வருஷமாக நீதிபதியின் மேடைக்குக் கீழே, சாட்சிக் கூண்டுக்கு இரண்டு முழம் தள்ளி, ஒரு சின்ன மேஜையில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதை எழுதிக்கொண்டிருந்தார். அந்த அறையில் திருடன் பேசியிருக்கிறான், டாக்டர் பேசியிருக்கிறார், ஒரு சொத்து வழக்கில் ஒரு கிளிகூடப் பேசியிருக்கிறது. வாயே திறக்காத ஜீவன் இவர் ஒருவர்தான்.

வேலை இப்படி. இரண்டு முனையும் சீவிய நான்கு பென்சில், மேல்பக்கம் கம்பி கோத்த நோட்டு. சாட்சி வாயைத் திறந்தால் எல்லாம் நோட்டில் விழுந்துவிடும். கை ஓடும்போது எது வேண்டும் எது வேண்டாம் என்று யோசிக்க நேரம் ஏது? சாயங்காலம் பின்னறையில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போதுதான் சல்லடை. சாட்சி தண்ணீர் கேட்டது, மருமகளைத் திட்டியது, பஸ் லேட்டாக வந்தது, இதையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு ஒதுக்கிவிடுவார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் உமி. உமி நீக்கித் தட்டச்சு செய்த பக்கத்தின் அடியில், “சொன்னது சொன்னபடி பதிவு செய்யப்பட்டது” என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே கையெழுத்துப் போடுவார். ஒருநாள்கூட அந்த வரி அவரை உறுத்தியதில்லை. ஏன் உறுத்தப்போகிறது? “உங்க பதிவைப் படிச்சா வாழைப்பழத்தை உரிச்சு வாயில வச்ச மாதிரி இருக்குய்யா” என்று பழைய நீதிபதி எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறாரே! அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே மனிதர் பத்து வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

பக்கத்துக் கோர்ட்டில் இதே வேலை பார்த்த அம்மா நேர் எதிர். சாட்சி இருமினால் இருமினார் என்று தட்டுவார், கூரையைப் பார்த்தால் கூரையைப் பார்த்தார் என்று தட்டுவார். அவருடைய கட்டு ஒவ்வொன்றும் தலையணை கனம் இருக்கும். சுருக்கு அவருக்கு நீட்டம்மா என்று பெயர் வைத்தார். அதோடு விட்டாரா? ஆறு வருஷத்துக்கு முன்னால் தலைமை எழுத்தரிடம் போய், “அந்தம்மா காகிதத்தை வீணடிக்குது” என்று போட்டுக்கொடுத்தார். தலைமை எழுத்தர் நாலு பேர் முன்னால் நீட்டம்மாவைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது. இரண்டு அறைக்கும் நடுவே ஒரே சுவர், இரண்டு பேருக்கும் ஒரே தண்ணீர்க்குழாய். எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

வீட்டிலும் அதே சல்லடைதான். மனைவி சந்தைக்குப் போய்வந்த கதையை அரைமணி நேரம் சொல்வாள். கேட்டு முடித்துவிட்டு இவர், “ஆக, வெங்காயம் வாங்கல” என்பார். மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“ஏங்க, நீங்க விட்டுட்டீங்களே, அதுலதான் நான் சொல்ல வந்ததே இருந்துச்சு!” என்பாள்.

இவர் அதையும் விட்டுவிடுவார்.

இப்படிப்பட்டவருக்கு ஓய்வுபெற நாலு மாசம் இருந்தபோதுதான் லிஃப்ட் மெக்கானிக் வழக்கு கடைசிக் கட்டத்துக்கு வந்தது.

வழக்கு இதுதான். ஆறு மாடிக் கட்டடம், ஐந்தாவது மாடியில் மேலாளரின் அறை. அரை நாள் விடுமுறை என்பதால் அன்று மத்தியானத்துக்கு மேல் கட்டடத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. நாலரை மணிக்குப் பெருக்க வந்தவள் கதவைத் திறந்து பார்த்து அலறினாள். மேலாளர் மண்டை உடைந்து மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு பெரிய ஸ்பானர். ஸ்பானர் லிஃப்ட் மெக்கானிக்குடையது. போதாக்குறைக்கு முந்தின நாள்தான் இரண்டு பேருக்கும் பெரிய வாய்ச்சண்டை. “கயிறு தேஞ்சுபோச்சு, மாத்தாம ஓட்டினா ஒருநாள் நாலு உயிர் போகும்” என்று மெக்கானிக் கத்த, “உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போ” என்று மேலாளர் கத்த, கட்டடமே கேட்டது.

மெக்கானிக் சொன்ன கணக்கு வேறு. நாலு மணியிலிருந்து நாலரை வரைக்கும் தரைத்தளத்தில், லிஃப்ட்டுக்கு அடியிலிருக்கும் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். இறங்கும் முன் சுவிட்சை அணைத்துப் பூட்டினேன், லிஃப்ட் எந்த மாடிக்கும் நகர்ந்திருக்காது. என் பை மேலே கதவோரம் கிடந்தது, போகிறவன் வருகிறவன் யார் வேண்டுமானாலும் ஸ்பானரை எடுத்திருக்கலாம். இதுதான் அவர் கட்சி. ஆனால் ஆள் உயரக் குழிக்குள் இருந்தவரை எட்டிப் பார்த்தவர் யார்? ஒருவருமில்லை.

பார்த்ததாகச் சொன்ன ஒரே சாட்சி, மேலாளரின் மச்சான். மேலாளரின் மனைவிக்குக் கூடப்பிறந்தவர், அதே கட்டடத்தில் மேலாளருக்குக் கீழே வேலை பார்த்தவர். நாலு மணிக்கு மேல் மெக்கானிக் பையும் கையுமாக மேலாளர் அறைக்குள் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன், உள்ளே சத்தம் கேட்டது, பிறகு அவர் வேகமாக வெளியே வந்தார் என்று பதினோரு மாசத்துக்கு முன்னால் கூண்டில் ஏறிச் சொல்லியிருந்தார். மேலாளர் செத்த இரண்டாம் வாரமே அந்த ஐந்தாம் மாடி நாற்காலியில் உட்கார்ந்ததும் இதே மச்சான்தான். அது குற்றமாகுமா? ஆகாது. மச்சான் சாட்சி சொன்ன அன்றைக்கே ஜாமீனை ரத்து செய்து மெக்கானிக்கை உள்ளே தள்ளிப் பூட்டினார்கள். அவர் மனைவி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். வழக்கு எடுக்கிற ஒவ்வொரு நாளும் பெட்டிச் சூடு பட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்வாள்.

இதற்குள் பழைய நீதிபதி மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்த நீதிபதி அம்மா முதல் நாள் சாட்சியத்தைக் காதால் கேட்டதில்லை, காகிதத்தில் படித்ததோடு சரி. மெக்கானிக்கின் பழைய வக்கீலும் கழன்றுகொண்டு, கோர்ட்டே நியமித்த இலவச வக்கீல் வந்திருந்தார். சதா ஜலதோஷம் பிடித்த மனிதர். கைக்குட்டை இல்லாமல் ஒரு கேள்வி கேட்கமாட்டார்.

அந்தக் காலையில் மச்சானை மறுபடி கூண்டில் ஏற்றியிருந்தார்கள். வக்கீல் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“அன்னைக்கு நீங்க அஞ்சாவது மாடிக்கு எப்படிப் போனீங்க?”

“லிஃப்ட்லதான்.”

“லிஃப்ட் ஓடிச்சா?”

“ஏன் ஓடாம? நல்லாவே ஓடிச்சு. நான் போனேன், எனக்குப் பின்னாடி இவரும் அதே லிஃப்ட்ல வந்து இறங்கினாரு. கதவு திறந்து அவர் வெளிய வந்ததைப் பாத்தேனே.”

குற்றவாளிக் கூண்டிலிருந்து மெக்கானிக் துள்ளி எழுந்தார். பதினோரு மாசத்தில் ஆள் பாதியாக இளைத்திருந்தார், குரல் மட்டும் இளைக்கவில்லை.

“பொய்யிங்க அம்மா! முதல் நாள் இவரே படி ஏறிப் போனேன்னு இதே இடத்துல நின்னு சொன்னாரு! முட்டி வலிக்குதுன்னு சொன்னாரு! எங்க பழைய வக்கீல்கிட்டயும் சொன்னேன், பதிவுல இல்லன்னுட்டாரு!”

சேவகர் அவர் தோளைப் பிடித்து அமுக்கினார். நீதிபதி கோபப்படவில்லை. வழக்குக் கட்டை எடுத்து, முதல் நாள் சாட்சியத்தை நிதானமாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“அப்படி ஒரு வார்த்தை பதிவுல இல்ல. சொன்னது சொன்னபடின்னு கையெழுத்தும் இருக்கு. உட்காருங்க.”

சுருக்கின் கை பழக்கத்தில் அதை எழுதிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு வார்த்தை பதிவில் இல்லை என்று எழுதி முடித்தபோது பென்சில் நின்றது. இருபத்தாறு வருஷத்தில் அது நடுவில் நின்றதில்லை. முட்டி என்ற வார்த்தையை எங்கோ பார்த்திருந்தார். முதல் சாட்சியம் நடந்த வாரம்தான் அவர் மனைவி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வீடு பூராவும் நெடியாக்கியிருந்தாள். தட்டச்சு செய்யும்போது, எல்லா வீட்டிலும் இந்த முட்டிதானா என்று தனக்குள் சிரித்துக்கொண்டு ஒரு வட்டம் போட்டது ஞாபகம் வந்தது. வட்டத்துக்குள் என்ன இருந்தது? அதுதான் வரவில்லை. அடப்பாவி மனுஷா, சிரிக்கத் தெரிந்தது, படிக்கத் தெரியவில்லையா?

“மத்தியானம் உட்கார்ந்ததும் இந்த சாட்சியை முடிச்சிடலாம். நாளைக்கு வாதம். அதோட தீர்ப்புக்கு வச்சிடறேன்” என்று நீதிபதி எழுந்தார்.

ஒரு மணி நேரம் இருந்தது. சாட்சியை முடித்து அனுப்பிவிட்டால் அவ்வளவுதான், மெக்கானிக் ஆயுசுக்கும் உள்ளே கிடக்க வேண்டியதுதான். சுருக்கு பின்னறைக்கு நடக்கவில்லை, ஓடினார். பழைய நோட்டுகள் ஒரு வருஷம் வரைக்கும் அங்கே இரும்பு அலமாரியில் இருக்கும். பிறகு கட்டுக்கட்டாகக் காகித ஆலைக்கு, கூழுக்குப் போய்விடும். மாதவாரியாக நூல் கட்டி அடுக்குவது அவர் வழக்கம். அடுத்த மாசம் வந்திருந்தால் அந்தக் கட்டே இருந்திருக்காது.

பெஞ்ச் கிளார்க் மேஜையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன சுருக்கு, சாப்பாட்டு நேரத்துல தூசியைக் கிளப்பறீங்க?”

சுருக்கு அந்த மாசத்துக் கட்டை உருவினார். நூல் முடிச்சு அவிழாமல் பல்லால் கடித்து இழுத்தார். மூன்றாவது நோட்டில் தேதி கிடைத்தது. சாட்சி உறுதிமொழி எடுக்கிறார், அடுத்த வரியிலிருந்து ஒரு பெரிய வட்டம் தொடங்கியது. படித்தார். படித்ததும் அலமாரியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கிளார்க் கையைக் கழுவாமலே எழுந்து வந்தார். “என்னய்யா ஆச்சு?”

சுருக்கு சொன்னார். கிளார்க்குக்கு முகம் மாறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“சொல்றதைக் கேளுங்க. நாலு மாசம் இருக்கு உங்களுக்கு. நீங்க எந்திரிச்சு பதிவு தப்புன்னு சொன்னா இந்த ஒரு வழக்கோட போகுமா? இருபத்தாறு வருஷக் கட்டையும் ஒவ்வொருத்தனும் தூக்கிட்டு வருவான். வேலை போகும், பென்ஷன் போகும், பேரு போகும். அந்த நோட்டு எப்படியும் அடுத்த மாசம் கூழுக்குப் போற நோட்டு. நீங்க பாக்கல. நானும் பாக்கல.”

பாவி, தப்பாகச் சொல்லவில்லை. சுருக்கின் கை தன்னால் அந்தப் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தது. கம்பி கோத்த நோட்டு, ஒரு இழு இழுத்தால் தாள் சத்தமில்லாமல் வந்துவிடும். அவர் அதைச் செய்ய நினைத்தார், ஒரு முழு நிமிஷம் நினைத்தார். இதைப் பின்னாளில் மனைவியிடம் மறைக்காமல் சொன்னார். பிறகு நோட்டை மூடி, சட்டைக்குள் செருகிக்கொண்டு, முகம் கழுவலாம் என்று நடைக்கு வந்தார்.

குழாயடிக்குப் பக்கத்துப் பெஞ்சில் மெக்கானிக்கின் மனைவி வக்கீலிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் கேட்டுச்சு சார். நான் கடைசி பெஞ்சுல இருந்தேன், எனக்கே கேட்டுச்சு. படி ஏறினேன்னு சொன்னாரு சார்.”

“உங்களுக்குக் கேட்டா போதாதும்மா” என்று வக்கீல் கைக்குட்டைக்குள் சொன்னார். “நீங்க அவர் பெண்டாட்டி. எழுத்துல இருக்கணும். எழுத்துல இல்லன்னா அவர் சொல்லவே இல்லன்னுதான் அர்த்தம்.”

“எழுதறவருக்குக் காது இல்லையா சார்?”

சுருக்கு குழாயைத் திறந்தார். தண்ணீர் வழிந்து சட்டைக்கை நனைவதுகூடத் தெரியாமல் அப்படியே நின்றார். அவள் யாரைக் கேட்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

இரண்டு மணிக்கு நீதிபதி வந்து உட்கார்ந்தார். மச்சான் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார். நீதிபதி கட்டைத் திறந்து, “இந்த சாட்சிகிட்ட வேற ஏதாவது கேட்கணுமா?” என்றார். வக்கீல் தலையைத் தொங்கப்போட்டு, “இல்ல அம்மா” என்றார்.

சுருக்கு எழுந்து நின்றார்.

அவர் எழுந்து நின்றதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீதிபதி நிமிர்ந்து, “என்ன, வேகமா போகுதா? மெதுவா போகச் சொல்லவா?” என்று கேட்டார்.

“இல்ல அம்மா.” அந்த அறையில் அவருடைய முதல் வார்த்தைகள் அவைதான். சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். “பதிவு தப்பு அம்மா. அவர் சொன்னது நிஜம். சாட்சி அன்னைக்குச் சொன்னாரு, நான்தான் விட்டுட்டேன். நோட்டுல இருக்கு.”

பெஞ்ச் கிளார்க் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். அரசு வக்கீல் நாற்காலி பின்னால் சாயும் வேகத்தில் எழுந்தார்.

“அம்மா, இதை அனுமதிக்கக்கூடாது. அந்த நோட்டுல இருக்கிறது கோடும் புள்ளியும். அவர் எழுதினது அவருக்குத்தான் தெரியும். இன்னைக்கு மனசு இளகி, இஷ்டத்துக்கு எதையாவது படிச்சா அதுவும் சாட்சியமா?”

நியாயமான கேள்வி. நீதிபதிக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும், கையை உயர்த்திச் சுருக்கைத் தடுத்தார். “நீங்க படிக்காதீங்க. என்ன இருக்குன்னும் சொல்லாதீங்க. இதை வேற யாராவது படிக்க முடியுமா?”

படிக்க முடியும். ஒரே பயிற்சிப்பள்ளியில், ஒரே வாத்தியாரிடம், இரண்டு வருஷ இடைவெளியில் படித்த ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். சுருக்கு மென்று விழுங்கினார்.

“பக்கத்துக் கோர்ட்ல ஒரு அம்மா இருக்காங்க. அவங்களால முடியும்.”

நீட்டம்மா வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார், சுருக்கை மட்டும் பார்க்கவில்லை. உறுதிமொழி எடுத்ததும் அரசு வக்கீல் விடவில்லை.

“நீங்களும் அவரும் ஒரே ஆபீஸ். இதைப் பத்தி இடைவேளையில பேசிக்கிட்டீங்களா?”

“நாங்களா?” என்றார் நீட்டம்மா. “ஆறு வருஷமா நாங்க பேசிக்கிறது இல்லிங்க. இந்தக் கட்டடத்துல யாரை வேணும்னாலும் கேளுங்க.”

சேவகர் உட்பட நாலைந்து பேர் தலையாட்டினார்கள். பெஞ்ச் கிளார்க் தன்னை மறந்து, “அது உண்மைதாங்க அம்மா” என்றே சொல்லிவிட்டார். அரசு வக்கீல் உட்கார்ந்தார். ஆறு வருஷச் சண்டை ஒரு பிரயோஜனத்துக்கு வந்த இடம் அது.

நீட்டம்மா நோட்டை வாங்கினார். கண்ணாடியை இறக்கி, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே மெதுவாகப் படித்தார். ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை, சந்தைப் பட்டியல் படிப்பது போலவே படித்தார்.

“சாட்சி உறுதிமொழி எடுக்கிறார். இங்க ஒரு வட்டம் போட்டிருக்கு. வட்டத்துக்குள்ள: ‘ஐயா, ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க. அன்னைக்கு அந்த லிஃப்ட் அசையவே இல்ல, அஞ்சு மாடியும் படி ஏறித்தான் போனேன். அன்னைக்குப் போன முட்டி, இன்னும் சரியாகல.’ அடுத்து ஐயா சொல்றாரு: ‘நாற்காலி போடுப்பா.’ வட்டம் முடிஞ்சுது. அப்புறம் முதல் கேள்வி.”

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு விம்மல் கேட்டது. மச்சானின் மேல்கால் கீழே இறங்கியது.

நீதிபதி சுருக்கைக் கூண்டில் ஏறச் சொன்னார். அவர் இடத்தில் எழுத ஆள் வேண்டுமே? நீட்டம்மா ஒரு வார்த்தை பேசாமல் போய் அந்தச் சின்ன மேஜையில் உட்கார்ந்து, அவருடைய பென்சிலையே எடுத்துக்கொண்டார். இருபத்தாறு வருஷம் இரண்டு முழ தூரத்தில் பார்த்த கூண்டில் சுருக்கு முதல் தடவையாக ஏறி நின்றார். அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய முகமும் தெரிகிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மெக்கானிக்கின் முகமும் தெரிந்தது.

“இதை ஏன் விட்டீங்க?” என்று நீதிபதி கேட்டார்.

“உமின்னு நினைச்சேன் அம்மா. தண்ணி கேட்டது, நாற்காலி கேட்டது இதெல்லாம் வழக்குக்கு வேண்டாததுன்னு ஒதுக்கிடுவேன். எப்பவுமே அப்படித்தான்.”

“எப்பவுமே?”

“எப்பவுமே அம்மா.”

“அன்னைக்கு இதை வேற யாரும் கவனிக்கலையா?”

“நாற்காலி இழுக்கிற சத்தம் அம்மா. பழைய நீதிபதி ஐயா தேதி பாத்துக்கிட்டிருந்தாரு, வக்கீல்ங்க கட்டு பிரிச்சுக்கிட்டிருந்தாங்க. கேட்க வேண்டியது என் வேலைதான்.”

“பதினோரு மாசம் சார்” என்றார் மெக்கானிக். கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வது போலச் சொன்னார். “நான் சொன்னா வக்கீல் நம்பல, ஜெயில்ல நம்பல. போகப் போக, நமக்குத்தான் தப்பாக் கேட்டுச்சோன்னு நானே நினைச்சுட்டேன் சார்.”

சேவகர் அவரை அடக்கவில்லை. சுருக்கு கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அறுபது வயதை எட்டப்போகிற ஆள், தேம்பித் தேம்பி அழுதார். வெட்கமாக இருந்தது. நிறுத்தத்தான் முடியவில்லை.

அடுத்து மச்சானைக் கூண்டுக்குக் கூப்பிட்டார்கள். இலவச வக்கீல் கைக்குட்டையைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு எழுந்தார். ஜலதோஷம் எங்கே போனதோ தெரியவில்லை, குரல் கணீரென்று வந்தது.

“காலையில லிஃப்ட் நல்லாவே ஓடிச்சுன்னீங்க.”

“அது... அன்னைக்கு ஏதோ வாய் தவறிச் சொல்லியிருப்பேன்.”

“அஞ்சு மாடிக்குமா வாய் தவறிச்சு?” பெஞ்சுகளில் யாரோ சிரித்தார்கள், நீதிபதி பார்த்த பார்வையில் அடங்கினார்கள். “சரி, எந்த நாள் சொன்னது நிஜம்? அன்னைக்குச் சொன்னதா, இன்னைக்குச் சொன்னதா?”

மச்சான் உதட்டை நக்கிக்கொண்டார்.

“அன்னைக்குச் சொன்னப்போ, லிஃப்ட் நின்னதுதான் என் கட்சிக்காரரைக் காப்பாத்தும்னு உங்களுக்குத் தெரியாது. அதனால நிஜத்தைச் சொன்னீங்க. இன்னைக்குத் தெரியும். நின்னுபோன லிஃப்ட்ல இருந்து இவர் இறங்கி வந்ததை எந்தக் கண்ணால பாத்தீங்க? படி ஏறப் போனவர் தரைத்தளத்துல அந்தப் பையைத் தாண்டித்தானே போயிருக்கணும்? அதுல இருந்து எதை எடுத்தீங்க?”

மச்சான் அரசு வக்கீலைப் பார்த்தார். அரசு வக்கீல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சத்தமே வராத குரலில், “ஒரு நாற்காலி...” என்றார்.

நீதிபதி திரும்பி, சின்ன மேஜையைப் பார்த்துச் சொன்னார். “நாற்காலி கேட்டார்னு எழுதிக்கங்க.”

“எழுதிட்டேன் அம்மா” என்றார் நீட்டம்மா.

மச்சான் அன்று சாயங்காலமே போலீசிடம் எல்லாவற்றையும் கக்கிவிட்டார். கட்டடத்தை விட்டுப் போகச்சொல்லி மேலாளர் அவருக்கு ஒரு வாரம் கெடு வைத்திருந்தாராம், அந்த ஆத்திரமாம். ஸ்பானர் வழியில் கிடைத்ததாம். ஆத்திரத்துக்கு ஐந்து மாடி ஏறத் தெம்பு இருந்திருக்கிறது பாருங்கள்!

அதே சாயங்காலம் நீட்டம்மா தட்டச்சு செய்த பக்கங்களோடு பின்னறைக்கு வந்தார். சாட்சி சொன்னவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அது முறை. சுருக்கு படித்தார். அவர் உமி என்று சொன்னது இருந்தது. மெக்கானிக் சொன்ன பதினோரு மாசம் இருந்தது, அவர் தனக்கே தப்பாகக் கேட்டதோ என்று நினைத்தது இருந்தது. அதற்குக் கீழே, சாட்சி இந்த இடத்தில் அழுதார் என்று இருந்தது. பழக்கதோஷம், சுருக்கின் விரல்கள் பென்சிலைத் தேடி எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டன.

நீட்டம்மா பார்த்துக்கொண்டுதான் நின்றார். “ஏதாவது எடுக்கணுமா அண்ணா?”

ஆறு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் அண்ணா. சுருக்கு பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

“வேண்டாம்மா. எல்லாம் இருக்கட்டும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, “அன்னைக்கு நான் உன்னைப் பத்திப் போட்டுக்கொடுத்தது தப்பு” என்றார்.

“அதையும் ஒருநாள் எழுதிக் குடுங்க” என்றுவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

சுருக்குக்கு மறுநாளே சஸ்பெண்டு உத்தரவு வந்தது. மீதமிருந்த நோட்டுகளையெல்லாம் நீட்டம்மா பொறுப்பில் ஒப்படைத்து, வட்டம் வட்டமாகச் சரிபார்க்கச் சொல்லி ஆணை. இதற்கு முன்பு கூழாய்ப்போன இருபத்தைந்து வருஷ வட்டங்களுக்குள் யார் யார் இருந்தார்களோ, அதை யார் சரிபார்ப்பது? அந்த நினைப்பு வந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி திட்டவில்லை, தட்டை மட்டும் நகர்த்தி நகர்த்தி வைத்தாள்.

எட்டாம் நாள் தீர்ப்பு. சுருக்கு கடைசி பெஞ்சில், இஸ்திரிக்காரிக்கு நாலு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தார். கையில் பென்சில் இல்லாமல் விரல்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. விடுதலை என்று நீதிபதி வாசித்ததும் அவள் எழுந்திருக்க முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே நடையில் புருஷனும் பெண்டாட்டியும் அவரைக் கடந்து போனார்கள். சுருக்கு எழுந்து நின்றார். மெக்கானிக் அவரைப் பார்த்தார், நின்றார். நன்றி என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. திட்டவும் இல்லை. கோர்ட்டுக் கட்டடத்தின் லிஃப்ட் கிறீச்சிட்டுக்கொண்டு வந்து நின்றது. மெக்கானிக் காதைத் திருப்பி அதைக் கேட்டார்.

“சார், இந்த லிஃப்ட்ல யாரும் ஏறாதீங்க. கயிறு வலது பக்கம் தேஞ்சிருக்கு, சத்தம் கேட்குது பாருங்க. மூணாவது மாடியைத் தாண்டும்போது ஒரு உதறல் வருது. இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. நான் சொன்னா எவனும் கேட்கமாட்டான்.”

சொல்லிவிட்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார்.

சுருக்கு பழக்கத்தில் சட்டைப்பையைத் துழாவினார். நோட்டும் இல்லை, பென்சிலும் இல்லை. மூச்சிரைக்கப் படியேறி இரண்டாவது மாடியில் தலைமை எழுத்தரின் அறைக்குள் கேட்காமல் நுழைந்தார். சஸ்பெண்டு ஆன ஆள் உள்ளே வந்ததைப் பார்த்துத் தலைமை எழுத்தருக்கு எரிச்சல்.

“என்னய்யா, சுருக்கமா சொல்லிட்டுக் கிளம்புங்க.”

“முடியாது சார்” என்றார் சுருக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, லிஃப்ட் மெக்கானிக் சொன்னதை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை, ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தார்.